எண்ணூறின் எடை

1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி கையால் முதல் மாருதி 800-இன் சாவியைப் பெற்றுக்கொண்டவர் ஹர்பால் சிங். இந்தியன் ஏர்லைன்ஸ் ஊழியர். 2010-இல் இறக்கும்வரை அவர் அந்த வண்டியை விற்கவில்லை. அவருக்குப் பிறகு அது டெல்லியில் வீட்டு வாசலில் வெயிலிலும் மழையிலும் நின்று துருவேறியது. அந்தக் கோலத்தில் அதன் படங்கள் வெளிவந்தபோது பலர் மனம் வருந்தினார்கள். பின்னர் நிறுவனமே அதைச் செப்பனிட்டுத் தன் தலைமையகத்தில் காட்சிக்கு வைத்தது. இப்போது அது பளிச்சென்ற வெள்ளையில், தொழிற்சாலையிலிருந்து அன்றைக்குத்தான் இறங்கியதுபோல் நிற்கிறது.

அந்தப் பளபளப்பு எனக்கு உறுத்துகிறது. ஒரு குடும்பத்தோடு கால் நூற்றாண்டுக்கு மேல் இருந்த வண்டியில் அந்தக் குடும்பத்தின் தடயம் எதுவும் மிஞ்சவில்லை. தேய்ந்த பெடலும் கீறலும் டிங்கரிங் செய்த இடமும் போய்விட்டன. 1983 டிசம்பரின் ஒரு நாள் மட்டும் மிஞ்சியிருக்கிறது. எண்பதுகளின் சின்னக் கார்கள்மீது இன்று உலகெங்கும் பரவியிருக்கும் ஏக்கமும் பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கிறது. ஓடிய காலத்தைத் துடைத்துவிட்டுப் பிறந்த நாளை எடுத்து வைத்துக்கொள்கிறது. அந்த ஏக்கத்தில் பொறியியல் சார்ந்த ஓர் உண்மை இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் ஏங்குகிறவர்களே அதைத் தவறான இடத்தில் தேடுகிறார்கள்.

மாருதிக்கு மட்டும் உரிய ஏக்கமல்ல இது. ஃபியட் ஊனோ, பூஜோ 205, இரண்டாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் மூன்றும் அதே 1983-இல் வந்தவை. மூன்றாண்டு முன்னால், 1980-இல், ஜியார்ஜெட்டோ ஜுஜாரோ வடிவமைத்த ஃபியட் பாண்டா வந்திருந்தது. பாண்டாவின் கண்ணாடிகள் எல்லாம் வளைவில்லாத தட்டைக் கண்ணாடிகள். அவற்றைச் செய்வதும் மாற்றுவதும் மலிவு. பின் இருக்கையைத் தூளிபோல் தொங்கவிடலாம், மடித்துப் படுக்கையாக்கலாம், கழற்றி வெளியே வைத்துவிட்டுச் சரக்கும் ஏற்றலாம். எழுபதுகளின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் குறைந்த தகடு, குறைந்த பெட்ரோல், குறைந்த இடம் என்ற நிர்ப்பந்தத்தில் அந்தத் தலைமுறை பொறியாளர்கள் வேலை செய்தார்கள். எஞ்சினைக் குறுக்கே வைத்து, முன்சக்கரங்களுக்கே விசையைக் கொடுத்து, மிச்சமான நீளம் முழுவதையும் பயணிகளுக்கு விட்டார்கள். அந்தச் சிக்கனத்தின் அழகை இன்று ஒருவர் கொண்டாடினால் அதில் மிகையில்லை.

மாருதி 800 அந்தச் சிக்கனத்தின் கடைக்கோடி. 796 சிசி, மூன்று சிலிண்டர், 40 குதிரைத்திறனுக்குச் சற்றுக் குறைவான சக்தி, நான்கு கியர், 12 அங்குலச் சக்கரம். நீளம் 3.3 மீட்டர், எடை 650 கிலோவுக்கு அருகில். இந்தியச் சாலைகளில் அதற்குமுன் இருந்த அம்பாசிடர் ஒரு டன்னைத் தாண்டியது. அம்பாசிடரின் ஸ்டீயரிங்கை நின்ற இடத்தில் திருப்ப இரண்டு தோளின் பலமும் வேண்டும். கிளட்சை மிதிக்கத் தொடையின் பலம் வேண்டும். இந்தச் சின்ன வண்டியின் கிளட்சும் கியரும் விரலுக்கும் பாதத்துக்கும் அடங்கின. ஓட்டுநரை அமர்த்திக்கொள்ளாமல் தாங்களே கார் ஓட்டும் குடும்பங்கள் பெருகியதில், குறிப்பாகப் பெண்கள் ஸ்டீயரிங்கின் பின்னே அமர்ந்ததில், இந்த எடைக் குறைவுக்குப் பெரிய பங்குண்டு. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகள் பல பத்தாண்டுகள் இதையே வைத்திருந்ததும் அதனால்தான். தூண்கள் ஒல்லி, கண்ணாடிகள் அகலம். நான்கு மூலைகளும் எங்கே இருக்கின்றன என்பது ஓட்டுகிறவருக்குத் தெரியும். இன்றைய கார்கள் அதைக் கேமராவாலும் சென்சாராலும் ஈடுகட்டுகின்றன.

பலரும் இதோடு நிறுத்துவதில்லை; இன்னொரு பாராட்டையும் சேர்க்கிறார்கள். "எந்த ஊரில் நின்றாலும் எந்த மெக்கானிக்கும் சரிசெய்துவிடுவார்" என்பது அது. நம் ஊர் ஏக்கத்தின் நடுத்தூணே இந்த வாக்கியம்தான் என்பதால் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1984-இல் இந்த வாக்கியம் உண்மையல்ல. அன்றைக்கு எந்த மெக்கானிக்கும் சரிசெய்யக்கூடிய கார்கள் அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும்தான். சென்னையின் ஸ்டாண்டர்டு வண்டிகளுக்கும் ஆள் இருந்தார்கள். அவற்றைப் பழுதுபார்க்க ஆள் பெருகியதற்குக் காரணமே அவை அடிக்கடி பழுதானதுதான். மாருதியின் புதுமை வேறு. சாவியைத் திருகினால் கிளம்பியது. மதுரைக்குக் கிளம்பினால் மதுரை போய்ச் சேர்ந்தது. முதல் வண்டிகள் ஜப்பானிலிருந்து வந்த பாகங்களைப் பூட்டி உருவானவை. உள்ளூர்ப் பட்டறைக்கு அந்த எஞ்சின் அந்நியம். அதை எல்லோராலும் பழுதுபார்க்க முடிந்தது பிற்பாடுதான். வண்டிகள் லட்சக்கணக்கில் பெருகி, உதிரிப்பாகங்கள் சென்னைப் புதுப்பேட்டையிலும் கோவை உக்கடத்திலும் குவிந்து, ஒரு தலைமுறை மெக்கானிக்குகள் கண்ணை மூடிக்கொண்டு கார்புரேட்டரைக் கழற்றப் பழகிய பிறகு.

அது எப்படிச் சாத்தியமாயிற்று? வண்டி மாறவே இல்லை. ஜப்பானில் சுசூகி இந்த வடிவத்தின் மூல ஆல்டோவை 1984-இல் கொண்டுவந்து 1988-இல் மாற்றிவிட்டது. நமக்கு அது 1986-இல், 1983-இன் முதல் வடிவத்துக்குப் பதிலாக வந்தது. முகப்பிலும் விளக்கிலும் சில்லறை மாற்றங்களோடு 2014 ஜனவரிவரை ஓடியது. அங்கே நான்கு ஆண்டு, இங்கே இருபத்தெட்டு. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வரும்வரை அதை மாற்றியே ஆகவேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. போட்டியில்லாச் சந்தையின் தேக்கம் என்று பொருளாதார எழுத்தாளர்கள் கண்டித்ததும், எந்த மெக்கானிக்கும் சரிசெய்வார் என்று ஏக்கக்காரர்கள் போற்றுவதும் ஒன்றே. ஒரே பாகம் முப்பது ஆண்டு மாறாமல் இருந்தால் அதன் விலை குறையும், அதைத் தெரிந்தவர்கள் பெருகுவார்கள். இதில் பாடம் இருக்கிறது. ஆனால் அது எண்பதுகளைப் பற்றிய பாடமல்ல. ஒரு வடிவத்தை நீண்டகாலம் வைத்திருந்து பாகங்களைத் தொடர்ந்து கிடைக்கச் செய்வது எந்தப் பத்தாண்டிலும் எடுக்கக்கூடிய முடிவு. ஒரு முகப்பு விளக்குக்கே பெருந்தொகை கேட்கும் இன்றைய நிறுவனங்களிடம் அதைக் கேட்டுப் பெறவேண்டும். பழைய வண்டியைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருப்பதால் அது கிடைக்காது.

அடுத்தது உயிர். ஏக்கம் அதிகமாக மறைப்பது இதைத்தான். நான் விட்டுக்கொடுக்க மனமில்லாத இடமும் இதுவே.

பிரிட்டனில் 1980-இல் ஆஸ்டின் மெட்ரோ என்று ஒரு சின்னக் கார் வந்தது. நாட்டின் செல்லப்பிள்ளையாக விற்றது. பெயர் மாறி, முகம் மாறி, ரோவர் 100 என்ற பெயரில் 1997-இலும் விற்பனையில் இருந்தது. அந்த ஆண்டுதான் யூரோ என்கேப் அமைப்பு தன் முதல் மோதல் சோதனை முடிவுகளை வெளியிட்டது. மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் முகப்பின் ஒரு பக்கம் மட்டும் தடுப்பில் மோதும் சோதனை அது. ரோவர் 100-இன் பயணிகள் கூடே நசுங்கியது. பெரியவர்களுக்கான பாதுகாப்பில் அது ஒற்றை நட்சத்திரமே பெற்றது. விற்பனை சரிந்து, அந்த ஆண்டு முடிவதற்குள் உற்பத்தியே நின்றது. எண்பதுகளின் சின்னக் கார் ஒன்று பிற்காலத்தின் அளவுகோலுக்கு முன்னால் நின்றபோது நடந்தது இதுதான். பதினேழு ஆண்டு அந்தக் கூட்டுக்குள் குழந்தைகளை உட்காரவைத்து நெடுஞ்சாலையில் போனவர்களுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

நம் நாட்டில் அந்த அறியாமை இன்னும் நீண்டது. முன் இருக்கைகளுக்கு சீட் பெல்ட் பொருத்தித் தரவேண்டும் என்ற விதி 1994-இல்தான் வந்தது. குளோபல் என்கேப் 2014-இல் இந்தியாவில் விற்கும் சின்னக் கார்கள் ஐந்தை மோதிப் பார்த்தது. ஏர்பேக் இல்லாத அந்த அடிப்படை மாடல்கள் ஐந்தும் பூஜ்ய நட்சத்திரம் பெற்றன. மாருதி 800-இன் வாரிசான ஆல்டோ 800-உம் அவற்றில் ஒன்று. 2014-இல் செய்த வண்டிக்கே இந்த நிலை என்றால், முப்பது ஆண்டு முந்தைய வடிவத்தைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. "அந்தக் காலத்தில் தகடு கெட்டியாக இருந்தது" என்ற பேச்சு இதில் வராது. மாருதி வந்தபோதே அதைத் தகர டப்பா என்றவர்கள் உண்டு. ஆனால் ஏக்கத்தில் இன்னொரு பேச்சு வருகிறது: "நாமெல்லாம் அதில்தானே போனோம், ஒன்றும் ஆகவில்லையே." ஒன்றும் ஆகாதவர்கள் மட்டுமே சொல்லக்கூடிய வாக்கியம் அது. ஆனவர்கள் ஏக்கக் கூட்டங்களுக்கு வருவதில்லை.

இதே மறதிக்கு ஐரோப்பாவில் இன்னொரு வடிவம் இருக்கிறது. 1984-இல் வந்த பூஜோ 205 ஜிடிஐ இன்று பெரிய விலைக்குப் போகும் வண்டி. வளைவில் வேகமாகப் போகும்போது பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென எடுத்தால் அதன் பின்பக்கம் வெளியே வீசும். தேர்ந்த ஓட்டுநருக்கு அது விளையாட்டு; மழைநாளில் சாதாரண மனிதருக்கு அது பள்ளம். இன்றைய கட்டுரைகள் அதை வண்டியின் ‘குணம்’ என்று எழுதுகின்றன. 205 வரிசையில் ஐம்பது லட்சத்துக்கு மேல் செய்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை மளிகை வாங்கவும் வேலைக்குப் போகவும் வாங்கிய சாதாரண வண்டிகள். அவற்றை யாரும் தேடிப் பிடித்துக் காப்பாற்றுவதில்லை. சின்னக் காரின் பெருமை எளியவர்களுக்கு எட்டியது என்றால், ஏக்கம் தேர்ந்தெடுத்திருப்பது அந்த எளியவர்கள் வாங்காத பதிப்பை.

எளியவர்கள் என்று சொல்லும்போது நம் ஊர்க் கணக்கையும் பார்க்கவேண்டும். மாருதியை ‘மக்கள் கார்’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. 1983-இல் அதன் விலை ஐம்பதாயிரத்தை ஒட்டி இருந்தது. முன்பதிவுக்கே பத்தாயிரம் ரூபாய் கட்டவேண்டும். ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் கட்டினார்கள், ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். பதிவு வரிசையில் முன்னால் இருந்தவர் வண்டி கைக்கு வந்ததும் அதிக விலைக்குக் கைமாற்றிவிடுவதும் நடந்தது. 2019-21-ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்விலேயே நூறு வீடுகளில் ஏறத்தாழ எட்டு வீடுகளில்தான் கார் இருந்தது. எண்பதுகளில் அந்த எண் எவ்வளவு சிறியதாக இருந்திருக்கும்! ‘நம் எல்லோருடைய முதல் கார்’ என்று தொடங்கும் நினைவுக் குறிப்புகளில் வரும் ‘நாம் எல்லோரும்’ யார் என்ற கேள்வியை நான் விடமாட்டேன். அரசு ஊழியர், வங்கி அதிகாரி, மருத்துவர், சிறுதொழில் முதலாளி. அவர்களுக்குக் கீழே இருந்த பெருங்கூட்டம் பேருந்தில் நின்றுகொண்டு போயிற்று. காலியான சாலையின் இன்பம் என்று ஏக்கம் நினைத்துப் பார்ப்பதில் பாதி, மற்றவர்களிடம் கார் இல்லாமல் இருந்ததன் இன்பம்.

இதைச் சொல்வதால் அந்த வண்டியை உருவாக்கியவர்களின் சாதனை குறையாது. சஞ்சய் காந்தி எழுபதுகளில் தொடங்கி முடங்கிப்போன பழைய மாருதி நிறுவனத்தின் இடத்தில் ஓர் அரசு நிறுவனத்தை எழுப்பி, சுசூகியோடு ஒப்பந்தம் போட்டு, ஒப்பந்தமான பதினான்கு மாதங்களில் வண்டியைச் சாலைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த நிறுவனத்துக்குத் தலைமை தாங்கிய வி. கிருஷ்ணமூர்த்தி கும்பகோணம் பக்கத்துக் கருவேலியைச் சேர்ந்தவர். திருச்சி பெல் ஆலையின் வழியாக வளர்ந்தவர். அதிகாரிக்கும் தொழிலாளிக்கும் ஒரே சீருடை, ஒரே உணவகம் என்ற ஜப்பானிய ஒழுங்கை ஓர் இந்தியப் பொதுத்துறை நிறுவனத்தில் நடத்திக் காட்டியது அந்தக் குழு. இந்தியாவில் ஆண்டுக்கு நாற்பதாயிரத்தை ஒட்டியே கார்கள் விற்ற காலம் அது. ஏக்கத்தின் புகைப்படங்களில் ஏன் இந்தத் தொழிற்சாலைக் கதை வருவதே இல்லை என்று வியக்கிறேன். வண்டியின் பம்பரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அதைச் செய்த கைகளைப் பற்றி ஒரு வரி இல்லை.

எடைக்கு மறுபடி வருகிறேன், ஏனென்றால் வழக்கின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஏக்கக்காரர் சொல்கிறார்: அன்று வண்டி லேசாக இருந்தது, இன்று பூதமாகிவிட்டது. கார் நிறுவனங்கள் பதில் சொல்கின்றன: பாதுகாப்பு வேண்டும் என்றால் எடை கூடத்தான் செய்யும். இரண்டு தரப்பும் பழைய வண்டியின் லேசுத்தன்மையும் அதன் ஆபத்தும் பிரிக்கமுடியாதவை என்று ஒப்புக்கொள்கின்றன. ஜப்பானில் 2021 டிசம்பரில் வந்த சுசூகி ஆல்டோ இந்த ஒப்புதலைப் பொய்யாக்குகிறது. மாருதி 800-இன் நேரடி வம்சம் அது. ஆறு ஏர்பேக், தானே பிரேக் பிடிக்கும் வசதி எல்லாம் அடிப்படையிலேயே உண்டு. எடை 680 கிலோவில் தொடங்குகிறது. அந்நாட்டின் கேய் கார் விதி நீளத்தை 3.4 மீட்டருக்கும் எஞ்சினை 660 சிசிக்கும் கட்டிவைத்து, அதற்குள் அடங்கும் வண்டிகளுக்கு வரிச்சலுகை தருகிறது. எல்லை வகுத்தால் பொறியாளர்கள் அதற்குள் அறிவைச் செலுத்துகிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. வலிமை கூடிய எஃகும் கணினி வழி வடிவமைப்பும் எண்பதுகளில் அவர்களிடம் இந்த அளவுக்கு இல்லை. இன்று இருக்கின்றன. ஆகவே மிச்ச எடை எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். பெரிய சக்கரம், உயர்ந்த முகப்பு, அகன்ற திரை, மிரட்டும் தோற்றம் ஆகியவற்றிலிருந்து. நம் நாட்டில் நான்கு மீட்டர் நீளத்துக்குள் வரி குறைவு என்ற விதி 2006 முதல் இருக்கிறது. ஆனால் எடைக்கு வரம்பில்லை. அதனால் நான்கு மீட்டருக்குள் எஸ்.யூ.வி வேடம் போட்ட உயர வண்டிகள் பெருகின. சின்னக் காரை இழந்தது காலத்தின் போக்கால் அல்ல, விதியின் ஓட்டையால் என்பது என் கணிப்பு.

நிறுவனங்களும் இந்த ஏக்கத்தைக் கண்டுகொண்டுவிட்டன. ரெனோ தன் பழைய ரெனோ 5-இன் முகத்தை மின்சாரக் காருக்குப் பூட்டி 2024-இல் விற்பனைக்கு விட்டது. 2025-க்கான ஐரோப்பாவின் ஆண்டுச் சிறந்த கார் விருதும் கிடைத்தது. நல்ல வண்டிதான். ஆனால் எடை 1,400 கிலோவை ஒட்டி; மூல வண்டியைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. அதில் கணிசமான பங்கு பேட்டரியின் எடை, அதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் விளக்கின் வடிவத்தையும் மஞ்சள் நிறத்தையும் வாங்கிக்கொண்டு சிக்கனத்தை விட்டுவிட்ட கார் என்ற எண்ணத்திலிருந்து என்னால் விலக முடியவில்லை. முகத்தை நினைத்து ஏங்குகிறவர்களுக்கு முகம்தான் விற்கப்படும்.

இனி, பழைய வண்டியை வாங்கிச் செப்பனிடுகிறவர்கள். இவர்கள்மீது எனக்கு உண்மையான மதிப்பு உண்டு. கையில் கிரீஸ் படாமல் ஏங்குகிறவர்களைவிட இவர்களுக்கு வண்டியைத் தெரியும். ஒரு முதல் தலைமுறை மாருதியின் வாசல் கைப்பிடிக்காகப் புதுப்பேட்டையில் நாள் முழுக்க அலைந்து எடுப்பவர், எந்த அருங்காட்சியகமும் செய்யாத வேலையைச் செய்கிறார். அரசின் விதி அவருக்குச் சாதகமாக இல்லை. 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த தொன்மை வாகன விதி ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கே பொருந்தும். ஹர்பால் சிங்கின் வண்டியே 2033-இல்தான் அந்தத் தகுதி பெறும். அதுவரை பதினைந்து ஆண்டு தாண்டிய எல்லா வண்டிகளோடும் சேர்ந்து எஃப்.சி. என்ற தகுதிச் சான்று, கூடுதல் கட்டணம், பசுமை வரி. டெல்லியில் பதினைந்து ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிகளை ஓட்டுவதற்கே தடை வந்தது.

மாசு பற்றிய கவலையைத் தட்டிக்கழிக்க முடியாது. சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதிய கார்களுக்கு வினையூக்கி மாற்றி கட்டாயமானது 1995-இல். ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நின்றது 2000-இல். அதற்கு முந்தைய கார்புரேட்டர் வண்டி கிலோமீட்டருக்கு விடும் நச்சுப் புகை இன்றைய வண்டியோடு ஒப்பிடவே முடியாத அளவு அதிகம். ஞாயிறு காலையில் மட்டும் வெளியே வரும் ஒரு வண்டியால் ஊர்க்காற்று கெடாது என்பதும் உண்மை. ஐம்பது ஆண்டுக் கோட்டை முப்பதாகக் குறைத்து, ஆண்டுக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வரம்பு கட்டி, தினசரிப் பயன்பாட்டிலிருந்து பிரித்துவிட்டால் செப்பனிடுகிறவரும் பிழைப்பார், காற்றும் பிழைக்கும். முன் இருக்கைகளுக்கு மூன்று முனை சீட் பெல்ட் பொருத்துவதை அந்தப் பதிவின் நிபந்தனையாக்க வேண்டும். ‘ஒரிஜினல்’ கெடுகிறது என்று அதை எதிர்ப்பவர்கள் இருப்பார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

கூடவே இன்னொன்றையும் செப்பனிடுகிறவர்களிடம் கேட்பேன். பெயின்ட் குறியீட்டையும் போல்ட்டின் அளவையும் பதிவுசெய்வதோடு, அந்த வண்டியை முப்பது ஆண்டு பழுதுபார்த்த மெக்கானிக்குகளிடமும் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். எந்தப் பாகம் முதலில் போகும், எதை எதற்கு மாற்றாகப் போடலாம், எந்த வேலையை எந்தக் கருவியில்லாமல் செய்தார்கள் என்பதெல்லாம் அவர்கள் கையில் இருக்கிறது. அவர்களில் பலர் ஓய்வுபெறும் வயதை நெருங்குகிறார்கள். வண்டி ஒன்றை நான்கு லட்சம் செலவழித்து மீட்டுவிடலாம். அந்த அறிவை மீட்க நாளைக்கு எவ்வளவு செலவழித்தாலும் ஆள் இருக்கமாட்டார்கள்.